மீனையும் மிளகாயையும் ஒரே தராசில் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு உங்கள் பத்திரிகையின் பொருளாதாரப் பக்கத்தில் வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். இந்தியாவோடு பேசப்பட்டு வரும் எட்கா எனும் பொருளாதார, தொழில்நுட்ப ஒத்துழைப்பு உடன்படிக்கை பற்றியது. பயப்படத் தேவையில்லை, பெரிய அயலவரோடு தீர்வையை நீக்கி வியாபாரம் செய்து சிறிய நாடுகள் முன்னேறியதற்கு வரலாற்றில் சான்று உண்டு என்று சொன்ன கட்டுரையாளர், 1854 இல் பிரித்தானியாவின் வட அமெரிக்கக் குடியேற்றங்களுக்கும் (இன்றைய கனடா) அமெரிக்காவுக்கும் இடையில் ஏற்பட்ட பரஸ்பர வர்த்தக உடன்படிக்கையை எடுத்துக் காட்டியிருந்தார். உதாரணம் நல்ல உதாரணம்தான். ஆனால் அந்த உடன்படிக்கையின் மூன்றாம் பிரிவில் இருந்து தொடங்கி அதிலேயே முடித்துவிட்டார். முதலாம் பிரிவு கடலைப் பற்றியது. அதை விட்டுவிட்டுக் கதைத்தால் இந்த உதாரணத்தில் பாதி போய்விடும். வன்னிக்கு வேண்டியது அந்தப் பாதிதான்.

நான் சுங்கத் திணைக்களத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தலைமன்னார் இறங்குதுறையில் இருந்தேன், அங்கிருந்து இராமேஸ்வரத்துக்கு இராமானுஜம் கப்பல் ஓடிய காலம். இப்போது விசுவமடுவில் அண்ணன் விட்டுப்போன காணியைப் பார்த்துக்கொண்டு, கொஞ்சம் கச்சானும் கொஞ்சம் மிளகாயும் செய்கிறேன். சுங்க உடன்படிக்கைகளின் வரலாற்றை வாசிப்பது உத்தியோக காலத்தில் தொற்றிய பழக்கம். வீட்டில் யாருக்கும் அதில் விருப்பம் இல்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

1846 இல் பிரித்தானியா தன் தானியச் சட்டங்களை நீக்கியது. அதுவரை கனடாக் கோதுமைக்கு லண்டன் சந்தையில் இருந்த சலுகை அதோடு போனது. மொன்றியல் வியாபாரிகள் நொந்துபோய், பேசாமல் அமெரிக்காவோடு சேர்ந்துவிடுவோம் என்று 1849 இல் பகிரங்க அறிக்கையே விட்டார்கள். கவர்னர் ஜெனரல் எல்ஜின் பிரபு அதற்கு மாற்றாகத் தேடிய வழிதான் இந்த உடன்படிக்கை. அமெரிக்காவோடு இணையாமல் அமெரிக்கச் சந்தையை மட்டும் பிடிப்பது. அவர் 1854 மே மாதம் வாஷிங்டன் போய் விருந்துக்கு மேல் விருந்து வைத்து செனட்டர்களைச் சரிக்கட்டினார். சாம்பெயினில் மிதந்து வந்த உடன்படிக்கை என்று அந்தக் காலத்திலேயே கேலி செய்திருக்கிறார்கள். தென் மாநில செனட்டர்களுக்கு வேறு கணக்கும் இருந்தது. கனடா அமெரிக்காவோடு சேர்ந்தால் அடிமை முறை இல்லாத மாநிலங்களின் பலம் கூடிவிடும், அதைவிட வியாபாரத்தைக் கொடுத்து அப்படியே விட்டுவைப்பது மேல் என்று நினைத்தார்கள். ஜூன் 5 ஆம் திகதி எல்ஜினும் அமெரிக்க வெளியுறவுச் செயலாளர் வில்லியம் மார்சியும் கையெழுத்திட்டார்கள்.

கட்டுரையாளர் புகழ்ந்த மூன்றாம் பிரிவு ஒரு நீண்ட பட்டியல். தானியம், மா, கால்நடை, இறைச்சி, மீன், முட்டை, வெண்ணெய், தோல், நிலக்கரி, மரம், விறகு. நிலத்திலும் கடலிலும் விளைவதெல்லாம் இரு பக்கமும் தீர்வை இல்லாமல் போய்வரலாம். ஆலையில் செய்த பொருட்கள் அதில் இல்லை. பட்டியலில் கந்தல் துணி வரைக்கும் இருக்கிறது. சுங்கத்தில் இருந்தவனுக்கு இப்படிப்பட்ட பட்டியல் நல்ல வாசிப்பு, மற்றவர்களுக்குக் கொட்டாவி வரும்.

சரி, இதற்கு அமெரிக்காவுக்குக் கொடுத்தது என்ன? 1818 இல் செய்த இணக்கப்படி அமெரிக்க மீனவர்கள் குடியேற்றங்களின் கரையில் பெரும்பகுதிக்கு மூன்று கடல் மைலுக்குள் வந்து மீன் பிடிக்கக் கூடாது. அவர்கள் அதை மதிக்கவில்லை. 1852 இல் பிரித்தானியா கடற்படைக் கப்பல்களை அனுப்பித் தடுக்கப் போய், இரு பக்கமும் சூடாகி, சண்டை வரும் போல ஆனது. அந்தச் சூட்டில்தான் அமெரிக்கா பேச இறங்கி வந்தது. முதலாம் பிரிவு அந்த மூன்று மைலைத் திறந்துவிட்டது. கரையில் இருந்து எவ்வளவு தூரம் என்ற கட்டுப்பாடு இல்லாமல் அமெரிக்கர் மீன் பிடிக்கலாம், கரையில் இறங்கி வலை காயப்போடலாம், மீன் பதப்படுத்தலாம். சிப்பி வகைகளும் ஆற்று மீன்பிடியும் மட்டும் உள்ளூராருக்கு. பதிலுக்குக் குடியேற்ற மீனவர்களும் அமெரிக்கக் கிழக்குக் கரையில் அகலாங்கு 36 ஆம் பாகைக்கு வடக்கே போய்ப் பிடிக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். காகிதத்தில் சமத்துவம்! மீன் மொய்த்துக் கிடப்பது தன் வாசலில் இருக்கும்போது கிழக்குக் கரைக் குடியேற்றமான நோவா ஸ்கோஷியாவின் மீனவன் எதற்கு அவ்வளவு தூரம் போகப் போகிறான்?

ஆக, கோதுமையும் மரமும் விற்று அதிகம் சம்பாதித்தது உள்நாட்டில் இருந்த கனடா மாகாணம். அதற்கான விலையைக் கொடுத்தது கிழக்குக் கரை. எங்களைக் கேட்காமல் எங்கள் கடலைக் கொடுத்துவிட்டார்கள் என்று நோவா ஸ்கோஷியாவில் ஜோசப் ஹவ் போன்ற அரசியல்வாதிகள் கொதித்தார்கள். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நோவா ஸ்கோஷியாவின் நிலக்கரியும் மீனும் தீர்வை இல்லாமல் அமெரிக்கா போய் அங்கேயும் காசு புழங்கியது. உடன்படிக்கையை நீடிக்க வேண்டும் என்று 1865 இல் டிட்ரோயிட் மாநாட்டில் பேர் சொல்லும்படி உரையாற்றியவரும் இதே ஹவ்தான். அதனால் அந்த உடன்படிக்கை கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. நல்ல வியாபாரத்திலும் வாங்குகிறவன் ஒருவன், கொடுக்கிறவன் வேறொருவன் ஆகலாம் என்பதுதான் என் கவலை.

இனி எங்கள் பக்கம் பாருங்கள். 1998 டிசெம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய – இலங்கை சுதந்திர வர்த்தக உடன்படிக்கையில் எங்களுக்குக் கிடைத்த பெரிய சலுகைகள் எவை? வருடம் ஒன்றரைக் கோடி கிலோ தேயிலை, எண்பது இலட்சம் உடுப்பு. தேயிலை மலைநாட்டில் விளைகிறது. உடுப்பு பெரும்பாலும் மேற்கிலும் தெற்கிலும் தைக்கப்படுகிறது. அது நல்லது, அந்தத் தொழிலாளரும் எங்கள் ஆட்கள்தான். ஆனால் அடுத்த சுற்றுப் பேச்சில் இந்தியா பதிலுக்கு என்ன கேட்கும், அதைக் கொடுக்கக் கூடிய இடம் எது? வடக்கில் எங்களிடம் இருப்பது இரண்டே இரண்டு. ஒன்று தோட்டக் காணி, மற்றது கடல்.

காணியின் கதை எனக்கு வீட்டுக் கதை. அறுபதுகளின் பிற்பகுதியில் விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் இளைஞர் குடியேற்றத் திட்டங்கள் வந்தன. அண்ணனுக்கு அப்படிக் கிடைத்த காணிதான் இது. எழுபதுகளின் முற்பகுதியில் சிறிமாவோ அரசாங்கம் மிளகாய், வெங்காயம் இறக்குமதியை நிறுத்தியபோது இந்தப் பக்கம் பணம் வந்தது. மண்ணெண்ணெய்ப் பம்பு, உழவு இயந்திரம், கல்வீடு எல்லாம் செத்தல் மிளகாயில் வந்தவை. விடுமுறைக்கு வரும்போது பார்ப்பேன், முற்றம் முழுக்க ஓலைப் பாயில் மிளகாய் காயும், தும்மாமல் வீட்டுக்குள் போக முடியாது. 1977 இல் அரசாங்கம் மாறியது, சந்தை திறந்தது, இறக்குமதி மிளகாய் வந்து இறங்கியது. அண்ணன் மூட்டைகளைச் சந்தைக்குக் கொண்டுபோய், விலையைக் கேட்டுவிட்டு, அப்படியே திருப்பிக் கொண்டுவந்து அடுக்கினார். அடுத்த போகத்துக்குள் விலை ஏறும் என்று நினைத்தார். மிளகாய் கறுத்ததுதான் மிச்சம். விசுவமடுவில் யாரையும் கூப்பிட்டு, இறக்குமதியைத் திறக்கப்போகிறோம், இரண்டு வருடம் தருகிறோம், வேறு பயிருக்கு மாறுங்கள் என்று சொன்னவர் கிடையாது.

இப்போதைய வர்த்தக உடன்படிக்கையில் எங்கள் பக்கம் தீர்வை குறைக்காத பொருட்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது, விவசாயப் பொருட்களில் கணிசமானவை அதற்குள் நிற்கின்றன. அதனால் தப்பினோம் என்று கமக்காரர் நினைக்கக் கூடாது. 2007 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டப்படி விசேட வியாபாரப் பண்ட அறவீடு என்று இறக்குமதி வரி ஒன்று உண்டு. உருளைக்கிழங்கு, பெரிய வெங்காயம், செத்தல் மிளகாய் எல்லாம் அதில் வரும். அமைச்சர் வர்த்தமானியில் போட்டால் நள்ளிரவில் இருந்து கிலோவுக்கு இத்தனை ரூபா கூடும் அல்லது குறையும். அறுவடை நேரம் அது குறைந்தால் உடன்படிக்கையின் பட்டியலில் என்ன இருந்தும் எங்களுக்குப் பயன் இல்லை. 1854 உடன்படிக்கையின் ஐந்தாம் பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? பத்து வருடம் உறுதி, அதற்குப் பிறகு விலகுவதானால் பன்னிரண்டு மாத முன்னறிவித்தல். அமெரிக்கா அப்படியே 1865 மார்ச்சில் அறிவித்து 1866 மார்ச்சில் விலகியது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் பிரித்தானியா மேல் வந்த கோபம், கனடாப் பக்கத்தில் இருந்து புகுந்து வெர்மொன்றில் நடந்த கொள்ளை, கனடா நிதியமைச்சர் கோல்ற் கொண்டுவந்த உயர்ந்த தீர்வை என்று காரணங்கள் பல. எதுவானாலும் ஒரு வருடம் கிடைத்தது. ஒரு வருடம் என்றால் ஒரு கமக்காரனுக்கு காலபோகமும் சிறுபோகமும். எங்களுக்கு வர்த்தமானி நள்ளிரவில் வருகிறது.

அடுத்தது கடல். என்னோடு படித்த ஒருவர் முல்லைத்தீவில் சம்மாட்டி, சொந்தமாகப் படகும் வலையும் வைத்திருப்பவர். இந்திய இழுவைப் படகுகள் வந்து போன பிறகு அவர் தன் வலையைத் தூக்கியதை ஒருநாள் கூட நின்று பார்த்தேன். மேல் கயிறு வந்தது, மிதப்புகள் வந்தன, வலை வரவில்லை. கத்தியால் அறுத்தது போல நேராகப் போயிருந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை, மிதப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சாக்கில் போட்டார். மிதப்பு திரும்பப் பாவிக்கலாம்.

1974 இலும் 1976 இலும் கடல் எல்லை வரைந்தாயிற்று. இழுவைமடித் தொழிலை இலங்கை 2017 இல் சட்டம் போட்டுத் தடை செய்தாயிற்று. 2016 இல் இரு நாட்டுக் கூட்டுச் செயற்குழுவும் அமைத்தாயிற்று. படகுகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. 1854 இல் நோவா ஸ்கோஷியாக் கரைக்கு வந்தவை பாய்க்கப்பல்கள், பெரும்பாலும் தூண்டில் போட்டவர்கள். கடலடியை வழித்துக்கொண்டு போகும் மடி அல்ல. அதற்கே அவர்கள் அவ்வளவு கொதித்தார்கள்.

மீன்பிடி வேறு மேசை, வர்த்தகம் வேறு மேசை, இரண்டையும் ஏன் குழப்புகிறீர்கள் என்று கட்டுரையாளர் கேட்கலாம். 1854 க்குப் பிறகு நடந்ததைப் பார்த்தால் இரண்டு மேசையும் ஒன்றாகிக்கொண்டே இருந்தன. உடன்படிக்கை முடிந்ததும் குடியேற்றங்கள் அமெரிக்கக் கப்பல்களுக்கு அனுமதிப்பத்திரம் விற்றன. 1866 இல் தொன்னுக்கு 50 சதம், அடுத்த வருடம் ஒரு டொலர், அதற்கடுத்த வருடம் இரண்டு டொலர். கட்டணம் ஏற ஏற அனுமதி எடுப்பவர்கள் குறைந்தார்கள். மீன் பிடிப்பது குறையவில்லை. அனுமதிப்பத்திரம் கொடுத்துச் சமாளிக்கலாம் என்று இங்கேயும் யாராவது யோசித்தால் இதை நினைவில் வைத்திருக்கட்டும். 1871 வாஷிங்டன் உடன்படிக்கையில் கனடாப் பிரதமர் மக்டொனால்டும் பிரித்தானியத் தரப்பில் ஒருவராக இருந்தார். மற்ற நால்வருக்கும் அமெரிக்காவோடு பழைய பகையைத் தீர்ப்பதே அவசரம். கடல் திரும்பவும் திறக்கப்பட்டது. அதற்கு விலை என்ன என்று கணக்குப் பார்க்க ஹலிபக்சில் ஒரு குழு உட்கார்ந்து, 1877 இல் 12 வருட மீன்பிடிக்கு அமெரிக்கா 55 இலட்சம் டொலர் கொடுக்க வேண்டும் என்று தீர்த்தது. அமெரிக்கா முணுமுணுத்துக்கொண்டு கட்டியது. அடுத்தவர் கடலில் பிடிக்கும் மீனுக்கு விலை உண்டு என்று ஒரு குழு உட்கார்ந்து கணக்குப் பார்த்துச் சொன்னது எனக்குப் பிடித்த இடம். பாக்கு நீரிணையிலும் முல்லைத்தீவிலும் இத்தனை வருடம் அள்ளியதற்கு யாராவது இப்படி உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்களா?

நியூபவுண்ட்லாந்தின் கதை இன்னும் மோசம். 1890 இல் அந்தத் தீவின் அரசியல்வாதி ரொபேட் பொண்ட் தானே வாஷிங்டன் போய் அமெரிக்க வெளியுறவுச் செயலாளர் பிளெய்னோடு பேசி ஓர் இணக்கம் செய்துகொண்டு வந்தார். உங்கள் மீனவருக்குத் தூண்டில் இரை கொடுப்போம், எங்கள் மீனுக்குச் சந்தை தாருங்கள் என்பது சாரம். பக்கத்தில் இருந்த கனடா எதிர்த்தது, லண்டன் கையெழுத்திட மறுத்தது. 1902 இல் திரும்பவும் முயன்றார். இந்தத் தடவை அமெரிக்க செனட்டில் மாசசூசெற்ஸ் மீனவர்களின் ஆள் லொட்ஜ் அதை வெட்டிக் கொத்தி ஒன்றுமில்லாமல் ஆக்கினார். அங்கே அந்த மாநிலத்துக் குளொஸ்டர் துறைமுக மீனவனுக்குக் கூட செனட்டில் ஆள் இருந்தது.

ஆட்களைக் கேட்காமல் ஆட்களைப் பற்றி முடிவெடுப்பதை நான் தலைமன்னாரில் கண்ணால் பார்த்தவன். 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழரை 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று பிரித்தது. அந்த எண்ணிக்கை எங்கள் மேசைக்கு வரும்போது தகரப் பெட்டியும் பாய்ச்சுருட்டுமாக வந்தது. பெட்டியைத் திறந்து பார்த்து வெண்கட்டியால் ஒரு கோடு போட்டு விடுவது என் வேலை. ஒரு கிழவி அம்மிக் குழவியைச் சேலையில் சுற்றி வைத்திருந்தா. அங்கே கல் கிடைக்காதா ஆச்சி என்று கேட்டேன். இது எங்கள் ஊர்க் கல் தம்பி என்றா. அவவுக்கு ஊர் பதுளைப் பக்கம். போகாமல் தப்பியவர்களில் ஒரு பகுதியினர் கலவரங்களுக்குப் பிறகு வன்னிக்கு வந்து இன்று என் அயல் காணிகளில் இருக்கிறார்கள். ஒப்பந்தம் பற்றிப் பேச்சு எடுத்தால் அவர்கள் முகம் மாறுவது எனக்கு விளங்கும்.

கட்டுரையாளர் விட்ட இன்னொரு விஷயம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. எல்ஜின் கையெழுத்திட்டவுடன் 1854 உடன்படிக்கை நடைமுறைக்கு வரவில்லை. பிரித்தானியப் பாராளுமன்றமும் அமெரிக்க காங்கிரசும் சட்டம் இயற்றினால் மட்டும் போதாது, கனடா, நியூ பிரன்ஸ்விக், நோவா ஸ்கோஷியா, பிரின்ஸ் எட்வேட் தீவு ஆகியவற்றின் சட்டசபைகளும் தனித்தனியாகச் சட்டம் இயற்ற வேண்டும் என்று அதிலேயே எழுதியிருந்தது. நியூபவுண்ட்லாந்துக்குத் தனிப் பிரிவு, அந்தத் தீவின் சபை சம்மதித்தால்தான் அங்கே செல்லும். நோவா ஸ்கோஷியா திட்டிக்கொண்டே நிறைவேற்றியது. ஆனாலும் அதன் சபையில் உறுப்பினர்கள் எழுந்து நின்று பேசினார்கள். குடியேற்ற நாடு என்று நாங்கள் இளக்காரமாகச் சொல்கிற இடத்தில், அந்தக் காலத்தில் இவ்வளவு இருந்தது. சுதந்திர நாடான இங்கே வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்த பிறகு தேர்தலே நடக்கவில்லை. எட்கா வாசகத்தை எங்கள் சபையில் வைத்து விவாதியுங்கள் என்று கேட்பதற்கும் சபை இல்லை.

அதனால் வர்த்தக அமைச்சிடம் கேட்பது இதுதான். கையெழுத்துக்கு முன்பு வரைவைத் தமிழில் வெளியிடுங்கள், சாராம்சம் அல்ல, பட்டியல்களோடு முழு வாசகம். மீன்பிடி உரிமை எந்தச் சலுகைக்கும் பதிலாகக் கொடுக்கப்படாது என்று அதற்குள்ளேயே ஒரு பிரிவு எழுதுங்கள். தோட்டப் பயிர்களின் தீர்வையை மாற்றுவதானால், அறவீட்டையும் சேர்த்து, ஒரு வருட முன்னறிவித்தல் தாருங்கள். மாகாண சபை வரும் வரைக்கும் கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா கச்சேரிகளில் கமக்கார அமைப்புகளையும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களையும் கூப்பிட்டு அவர்கள் சொல்வதை எழுத்தில் பதியுங்கள். கூட்டத்தைத் திங்கள், புதன், சனியில் வைத்தால் ஆட்கள் வருவார்கள். இராமேஸ்வரத்து இழுவைப் படகுகள் வரும் நாட்கள் அவைதான், அன்றைக்கு எங்கள் மீனவர்கள் வலைக்குப் பயந்து தொழிலுக்குப் போவதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுங்க எழுதுவினைஞர்,
விசுவமடு.